அர்ச்சுனன் போட்ட மார்க்

ஊசி இசைத்தட்டில் இறங்கிய நான்காவது விநாடியே அர்ச்சுனன் என்னைத் திட்டியிருக்க வேண்டும்.

திட்டவில்லை. எனக்கு நேர் எதிரே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

அவன் மடியில் இருந்த அட்டை ஒரு பழைய ராக் ஆல்பத்துடையது. பிளேயரில் ஓடிக்கொண்டிருந்ததோ ஜமைக்காவின் துள்ளலிசை, அசல் ஸ்கா. அவன் கோப்பி எடுக்க உள்ளே போன நேரத்தில் தட்டை நான் மாற்றிவிட்டிருந்தேன்.

ஐம்பத்தேழு வயதில் செய்கிற வேலையா இது என்று கேட்கலாம். முப்பது வருடச் சண்டை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

குளுவாங்கில் ஒரு பலகை மில்லில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். அப்போது இருவருக்கும் தோள் வரை முடி, காலைப் பிடிக்கிற ஜீன்ஸ். ராக் பைத்தியங்களை மலாய்க்காரர்கள் கூப்பிடுகிற மாதிரி, மில்லில் எங்களை ‘மாட் ராக்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பிறகு நான் ஸ்கா பக்கம் சாய்ந்தேன். கட்சி மாறியவனைப் பார்ப்பதுபோல்தான் அவன் என்னைப் பார்த்தான்.

ஸ்கா என்பது கோழி விரட்டுகிற சத்தம் என்பான். உன் ராக்கில் இரண்டு நிமிடம் பாட்டு, எட்டு நிமிடம் கித்தார் ஒப்பாரி என்பேன்.

இரண்டே வருடத்தில் நான் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டேன். அவன் இருபத்தாறு வருடம் அதே அறுக்கும் மெஷின் பக்கத்தில் நின்றான். காதில் அடைத்துக்கொள்ளக் கொடுத்ததைப் போட மாட்டான். வாக்மேனை மாட்டிக்கொண்டு, மெஷினை மிஞ்சுகிற அளவுக்குச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வான். அதைப் பெருமையாக வேறு சொல்லுவான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கெலாங் பாத்தாவிலிருந்து காரை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்துவிடுவேன். ஒரு ஆல்பம் போடுவோம். முதல் பக்கம் முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. முடிந்ததும் பத்துக்கு எத்தனை என்று இருவரும் ஒரே நேரத்தில் விரல்களைக் காட்ட வேண்டும். அதன் பிறகு மதியச் சாப்பாடு வரை வாய்ச்சண்டைதான்.

எந்த பேண்டுக்கும் முதல் ஆல்பத்தில் பசி இருக்கும், இரண்டாவதில் தொப்பை இருக்கும் என்பது அவன் கொள்கை. மேடையில் பதிவான ஆல்பம் என்றால் நான் ஒரு மார்க் குறைப்பேன். கைதட்டலுக்கெல்லாம் என்னால் மார்க் போட முடியாது.

ஒரே ஒரு தடை. அவன் வீட்டு பிளேயரில் ஸ்கா ஏறக் கூடாது.

சில மாதங்களாக ஆளிடம் ஒரு மாற்றம். முன்பெல்லாம் நான் ஐந்து போட்டால் அவன் ஒன்பது போடுவான். இப்போது எனக்கு அலுத்தது அவனுக்கும் அலுத்தது. தன் கல்யாணத்தில் ஸ்பீக்கர் கட்டிப் போட்ட ஆல்பத்துக்கே நான்கு விரலைத்தான் காட்டினான். ஒருவழியாக இவனுக்கும் ரசனை வந்துவிட்டது, அதற்கு நான்தான் காரணம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் தைரியத்தில்தான் தட்டை மாற்றினேன். ஸ்கா நல்ல இசை என்று சாவதற்குள் ஒரு தடவையாவது அவன் ஒத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது போதும்.

டிரம்பெட் துள்ளிக்கொண்டு வந்தது. அவன் மனைவி சந்திரமதி கரண்டியோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பிளேயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கணவனைப் பார்த்தார். மறுபடியும் உள்ளே போய்விட்டார்.

பக்கம் முடிந்தது. விரல்களைக் காட்டினோம். நான் ஒன்பது. அவனும் ஒன்பது.

குதித்து எழுந்தேன். தட்டை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். இது ஸ்கா, ஒன்பது போட்டது நீ, இனிமேல் பேச்சு மாறக் கூடாது என்று என்னென்னவோ கத்தினேன்.

அவன் தட்டின் நடுவில் இருந்த எழுத்தை நிதானமாகப் படித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

“பாட்டெல்லாம் இப்ப எனக்கு வெறும் இரைச்சல் லா, மனோ. எட்டு மாசமா உன் கால் தாளம் போடுறதப் பாத்துத்தான்டா மார்க் போடுறேன். இன்னைக்குத்தான் அது நிக்கவே இல்ல.”

பேச்சை முகத்தைப் பார்த்துப் பிடித்துக்கொள்ள முடிகிறதாம். பாட்டைப் பிடிக்க முடியவில்லையாம். காது இனித் தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தெரிந்தால் நான் வருவதை நிறுத்திவிடுவேன் என்று பயந்து, சந்திரமதியிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தானாம்.

பழைய ஆல்பங்களுக்கு நினைவிலிருந்தே மார்க் போட்டிருக்கலாமே என்று கேட்டேன். அது எப்படி, அன்றைக்குக் கேட்டதற்குத்தானே மார்க் என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் கல்யாண ஆல்பம் ஓடியபோது நான் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

அவன் தட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்து, அடுத்த பக்கத்தைப் போடச் சொன்னான்.

போட்டேன். ஆனால் உட்காரவில்லை. நடுவில் கிடந்த மேசையைச் சுவரோரம் தள்ளினேன். டிரம்பெட்டுக்குக் கையை வீசி, டிரம்முக்கு முட்டியைத் தூக்கி, ஒரு சத்தமும் விட்டுப்போகாமல் அவன் முன்னால் ஆடினேன். மூச்சு வாங்கியது. வெட்கமாகவும் இருந்தது. நிறுத்தவில்லை.

இரண்டாவது பாட்டு முடிந்ததும் அர்ச்சுனன் கையை உயர்த்தினான். அதையே இன்னொரு தடவை போடச் சொன்னான்.