சுத்தபோசனம்

தட்டுக்கு முன்னால் கண்ணை மூடி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார் ரைஸ்மில் இன்னாசிராஜ். ஜெபம் நீண்டுகொண்டே போனது. எதிரே உட்கார்ந்திருந்த கோவில் உபதேசியார் சவுரியப்பனும் வேறு வழியில்லாமல் கையைக் குவித்து, ஒரு கண்ணால் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டில் பன்னிரண்டு சிப்பிகள். ஒவ்வொரு ஓட்டுக்குள்ளும் மிளகு தூவி, எலுமிச்சை பிழிந்து, ஆவி பறக்க வெள்ளையாய் ஒன்று சுருண்டு படுத்திருந்தது.

தருமபுரிக்கும் கடலுக்கும் ஒரு ஒட்டும் உறவும் கிடையாது. ஆனாலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் 'கடல்முத்து ஓட்டல்' திறந்த ஆறே மாதத்தில், கடலைக் கண்ணால் பார்த்திராதவர்களெல்லாம் மீனின் தரம் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். சிப்பிக்கென்றே தனிக் கூட்டம். தூத்துக்குடியிலிருந்து ஐஸ் பெட்டியில் லாரி ஏறி வருகிறதாம். இன்று இடம் கிடைக்கவே இருவரும் முக்கால் மணி நேரம் வாசலில் நின்றிருந்தார்கள்.

"சாப்பிடுங்க உபதேசியாரே. தவக்காலத்து வெள்ளிக்கிழமை. ஆடு, கோழி தொடக் கூடாது, சுத்தபோசனம். கடல்ல இருக்கறதத் தின்னலாம்னு திருச்சபையே சொல்லியிருக்குது. அதான் இங்க கூட்டியாந்தேன். நாக்க அடக்கற ஒறுத்தல்னா முழு ஒறுத்தலா இருக்கோணும்."

சொல்லிவிட்டு, ஒறுத்தலில் முதலாவதை ஓட்டோடு தூக்கி உறிஞ்சினார்.

குருத்து ஞாயிறன்று பூசையில், பெரிய திருவிழாக் கமிட்டியின் தலைவர் யாரென்று பங்குச்சாமியார் அறிவிக்கப் போகிறார். தவக்காலத்தைச் சுத்தமாக அனுசரித்தவருக்கே பதவி. யார் எப்படி என்று பார்த்துச் சொல்லும் வேலை உபதேசியாருக்கு. இருபது வருடமாகத் தேருக்குப் பின்னால் புழுதி தின்று நடந்தவர் இன்னாசிராஜ். தலைவராகி, வெள்ளிப் பூண் போட்ட தடியோடு ஒரு வருடமாவது தேருக்கு முன்னால் நடந்துவிட வேண்டும். குறுக்கே நிற்பது கறிக்கடை யாகப்பன் ஒருவன்தான்.

"யாகப்பன் சேதி தெரியுமுங்களா? இன்னிக்கு விடியக்காலையில எட்டு ஆடு அடிச்சிருக்கான். என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"எட்டுங்களா!"

"நம்ம சனம் வெள்ளிக்கிழமை கறி வாங்கறதில்ல. இந்துக்காரங்க வூட்டுலயும் பாதிப் பேரு அடுப்புல ஏத்த மாட்டாங்க. அப்பறம் யாருக்குடா அடிக்கறேன்னு கேட்டா, யாவாரம்ங்கறான்."

உபதேசியார் யோசித்தார். "யாவாரம் பண்ணா அவரு தின்னாருன்னு ஆவாதுங்களே சார்."

"நல்லா சொன்னீங்க போங்க! தின்கறவன் இருக்கறதாலதான அவன் அடிக்கறான்? அந்தத் தின்கறவன் எவனா இருந்தாலும் சரி, நரகத்துல அவனுக்குத் தனி அடுப்பு. எழுதி வெச்சுக்கோங்க."

நரகத்தை நினைத்துக்கொண்டே உபதேசியார் ஒன்றை வாயில் போட்டார். அது நாக்கில் வெண்ணெயாய்க் கரைந்தது. அவர் முகத்தில் இருந்த நாற்பது நாள் வாட்டமும் அதோடு சேர்ந்து கொஞ்சம் கரைந்தது.

"கவுச்சியே இல்லீங்களே?"

"மட்ட மீனுக்குத்தாங்க கவுச்சி. இது ஆழ்கடல் சரக்கு." இரண்டு முறை வேளாங்கண்ணிக்குப் போய் முழங்கால் வரை நனைந்து வந்தவர் என்பதால், கடல் விஷயத்தில் இன்னாசிராஜ் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

சப்ளையர் மாதையன் அலுமினியக் கிண்ணத்தோடு வந்து, காலி ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினான். "ஓட்டக் கீழ போட்டு ஒடச்சிராதீங்க சார். ஓரமா வெச்சிருங்க."

"பாத்தீங்களா, டேபிள எவ்வளவு சுத்தமா வெச்சிக்கறாங்கன்னு!" என்று மெச்சிய இன்னாசிராஜ் இரண்டாவது தட்டுக்குச் சொன்னார். அது முடிவதற்குள் மூன்றாவதுக்கும் சொன்னார்.

மூன்றாவது தட்டின் பாதியில் உபதேசியார் ஏப்பம் விட்டார். "சாமிகிட்டச் சொல்லிப்புடறேனுங்க. உங்களாட்டம் சுத்தபோசனம் இருக்கறவரு நம்ம பங்குல வேற ஆளே இல்லைன்னு."

இன்னாசிராஜின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மிளகாக இருக்கலாம். கடல்முத்து ஓட்டலின் புகை படிந்த சுவர்கள் விலகி, பூ அலங்காரத் தேர் ஒன்று அவருக்குப் பின்னால் அசைந்து அசைந்து வந்துகொண்டிருந்தது. பின்னால்! அந்தச் சந்தோஷத்தில் அவருக்குத் தாராள மனசு வந்துவிட்டது.

"மாதையா! ஒரு பிளேட் பார்சல் கட்டு. கோவில் சாமியாருக்கு. பாவம், காலையிலிருந்து வெறுங்கஞ்சியோட இருக்கறாரு மனுசன்."

மாதையன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "சாமியாருக்குங்களா?"

"ஆமாப்பா. விரதத்துல இருக்கறாரு. உபதேசியாரே கொண்டுபோய்க் குடுத்துருவாரு."

மாதையன் உள்ளே போனான். சமையல்கட்டில் ஏதோ வாக்குவாதம் கேட்டது. பார்சல் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பி வந்தவன், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"என்னப்பா, சிப்பி தீந்துபோச்சா?"

"அதில்லீங்க. விரதம் இருக்கற சாமியாருக்குன்னு சொல்லிப்புட்டீங்க, அந்தப் பாவம் எனக்கு வேண்டாமுங்க." அவன் குனிந்து, இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னான்:

"ஓடு மட்டுந்தானுங்க கடலு, உள்ள வெக்கறது யாகப்பன் கடை ஆட்டு மூளைங்க."