கோடு போட்ட கேன்

கேனில் மார்க்கரால் போட்ட கோட்டுக்கு ஒரு சொட்டும் குறையவில்லை. ஆனால் உள்ளே இருந்ததில் பாதி தண்ணீர்.

ராகவன் ஆன்லைனில் வாங்கிய, அடர்த்தி பார்க்கும் கண்ணாடி மிதவையை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டான். சுத்தமான எத்தனாலில் அது ஆழமாக முங்க வேண்டும். இதில் விறைப்பாக மேலே நின்றது.

கார்புரேட்டர் வைத்த தன் பழைய பைக்கை எத்தனாலில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று மூன்று மாதமாக அவனுக்கு ஒரு பைத்தியம். ஐ.டி. வேலை பிழிந்தது போக மிச்சமிருந்த தெம்பையெல்லாம் அதில்தான் கொட்டியிருந்தான். அயனம்பாக்கத்தில் மேக்ஸ்வெல்லின் பட்டறையில் எரிபொருள் பாயும் ஜெட் துளையைப் பெரிதாக்கி, ரப்பர் குழாய்களை மாற்றி, போன வாரம்தான் வண்டி முதன்முதலாக ஓடியது. இன்றைக்குப் பட்டறையில் வைத்திருந்த கேனிலிருந்து ஊற்றியதும் நாலு இருமல் இருமிவிட்டுப் படுத்துவிட்டது.

மேக்ஸ்வெல் ஒரு காலத்தில் மொடாக் குடிகாரன். விட்டு மூன்று வருஷம் ஆகிறது. அது தெருவுக்கே தெரிந்த கதை.

"பெட்ரோல்னா ஊத்தின தண்ணி அடியில தங்கிக் காட்டிக் குடுத்திருக்கும். இதுல கலந்துடும்னு தெரிஞ்சுதானே ஊத்தினே?" என்றான் ராகவன். கத்தக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

மேக்ஸ்வெல்லின் மனைவி ஜெனிஷா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மேக்ஸ்வெல் கண்ணாலேயே அவளை அடக்கினான்.

"எட்த்தது நான்தான் சார். பழையபடி பெட்ரோலுக்கே மாத்திக் குட்த்துடறேன்."

தினமும் சாயங்காலம் அந்தப் பட்டறையில் உட்கார்ந்து பொழுதைப் போக்குகிற ராகவனின் அப்பா அழகேசன், ஸ்டூலிலிருந்து எழுந்து, போகட்டும் விடுப்பா என்று முனகினார்.

ராகவன் விடவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டான். வாசலிலேயே நின்று, குடிகாரனை நம்பி யாரும் வண்டி விடாதீர்கள் என்று தங்கள் அடுக்குமாடி வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டான். பட்டறையில் நின்ற வண்டிகளில் முக்கால்வாசி அந்தக் குடியிருப்பினுடையவை.

ஏரிக்கரை வந்தபோது அப்பாவுக்கும் மகனுக்கும் மூச்சு வாங்கியது. பின்னால் தள்ளிக்கொண்டு வந்த அப்பா கையை எடுத்துவிட்டார். ராகவன் ஸ்டாண்டு போட்டுவிட்டு போனைப் பார்த்தான். ஏழு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். நாலு பேர் காலையிலேயே வண்டியை எடுத்துவிடுவதாக எழுதியிருந்தார்கள்.

"என்னப்பா எழுதினே?"

வாசித்துக் காட்டினான்.

அப்பா அப்படியே கரையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"அவன் தொடலை ராகவா. நான்தான்."

ராகவனுக்கு முதலில் புரியவில்லை.

"பத்து நாளா, அவன் அந்தப் பக்கம் போறப்ப அரை டம்ளர் எடுப்பேன். நீ போட்ட கோடு வரைக்கும் தண்ணி ஊத்திடுவேன். நேத்து பாத்துட்டான். வண்டிக்கு ஊத்துறதைக் குடிச்சா கண்ணு பூடும் நைனான்னு திட்டினான். மறுபடி குடிச்சா முதியோர் இல்லம்தான்னு நீ சொன்னதைச் சொல்லி, அவன் கையைப் பிடிச்சு அழுதேன்."

ராகவனின் விரல் அந்தச் செய்தியின் மேலேயே நின்றது. அழித்தாலும் இனி என்ன, எல்லோரும் படித்துவிட்டார்கள்.

"அதுக்கு அவன் என்ன சொன்னான்?" என்றான்.

"'எனுக்குக் குடிகாரன்ற பேரு ஏற்கெனவே கீது நைனா. இன்னொரு வாட்டி சொன்னா இன்னா ஆயிடப் போவுது? நீ ஊட்டோட கெட'ன்னான்."