வாலோடு ஏழடி

திரையில் நான்கு வரிகள் இருந்தன. கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்கை நான்காகப் பிரித்த பார்ட்டிஷன்கள். நான்கையும் அழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பது என்று உட்கார்ந்திருந்தேன்.

மணி ஒன்பதரை. மாப்பிள்ளை சுரேஷ்பாபு திருப்பதியில் பஸ் ஏறிவிட்டார் என்று மகள் ரேகா போன் செய்திருந்தாள். நகரிக்கு வந்து சேரப் பதினொன்று ஆகும்.

அடுத்த ஞாயிறு எனக்கு எழுபதாம் கல்யாணம். பழைய போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து, மண்டபத்தில் பெரிய திரை கட்டி, சொந்தக்காரர்களுக்குப் போட்டுக் காட்டப் போகிறார் மாப்பிள்ளை. நல்ல மனிதர். அதுதான் தொல்லை.

உள்ளே நாற்பது வினாடி வீடியோ ஒன்று இருக்கிறது. அதை ஒருவரும் பார்க்கக் கூடாது.

ஐந்து வருடத்துக்கு முன் என் போனில் எடுத்தது. மறுவாரம் போனில் தேடினேன், காணோம். அதற்குள் மாப்பிள்ளை போனில் இருந்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார். நியூ ஃபோல்டர், அதற்குள் நியூ ஃபோல்டர், அதற்குள்ளும் நியூ ஃபோல்டர். இரண்டு நாள் உள்ளே போய்த் தேடினேன். வெளியே வரும்போது தாடி வளர்ந்திருந்தது.

வீட்டில் சொன்ன காரணம் வேறு. கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது, விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும் என்றேன். அது பொய்யில்லை. போன புரட்டாசியில் ஸ்விட்சைப் போட்டுவிட்டுத் திருமலைக்குப் போய், தரிசனம் முடித்து, லட்டோடு திரும்பினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. லட்டைக் காட்டிய பிறகுதான் நின்றது.

விண்டோஸ் போடப் பென் டிரைவ் கொடுத்த கம்ப்யூட்டர் கடை கிஷோர், சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்தால் போதும், மற்றதைத் தொடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னான். பூமுடி என்று நாலு மயிரைக் கத்தரித்துக் கொடுத்துவிட்டு மொட்டை போட்டதாகச் சொல்லிக்கொள்கிற பழக்கம் எனக்கில்லை. உட்கார்ந்தால் முழுசாக இறக்கிவிட வேண்டும்.

முதல் வரி. டெலிட். இதில் முக்கியமானது ஏதாவது இருக்கலாம், போனால் வராது என்று இங்கிலீஷில் எச்சரித்தது.

ஓகே.

வரி இருந்த இடத்தில், யாருக்கும் ஒதுக்காத காலி இடம் என்று காட்டியது. நகரி மெயின் ரோட்டில் அப்படி ஒன்று கிடைக்காது.

இரண்டாவது. பக்திப் பாட்டுகள், ரேகா காலேஜில் செய்த ப்ராஜெக்ட். ஓகே.

மூன்றாவது. கங்கம்மா ஜாத்திரையில் மாப்பிள்ளை சேலை கட்டி வேஷம் போட்ட போட்டோக்கள். அதில் என் மகளைவிட லட்சணமாக இருப்பார். கை ஒரு நொடி நின்றது.

ஓகே.

விஷயம் இதுதான். அந்த வருடம் நானும் என் மனைவி தேவசேனாவும் திருமலைக்கு அலிபிரிப் படியில் ஏறும்போது சிறுத்தை ஒன்று குறுக்கே வந்தது. நான் முறைத்தேன். அதுவும் முறைத்தது. விட்டேன் ஓர் அறை. என் மணிக்கட்டு உடைந்தது. சிறுத்தை மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டது.

புத்தூரில் எலும்புக் கட்டு போட்டவர், நகம் பட்ட தடமே இல்லையே என்றார். பெருமாள் மலைச் சிறுத்தை, வேண்டுதலுக்கு நகம் வெட்டியிருந்தது என்றேன். கட்டு போட வந்திருந்த பதினொரு பேரும் வலியை மறந்து கேட்டார்கள்.

அன்றிலிருந்து நகரியில் நான் சிறுத்தை கன்னையா. கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது.

ஒரே ஒரு குறை. சிறுத்தை ஒன்பது அடி என்று நான் சொல்லும்போதெல்லாம் சமையலறையிலிருந்து தேவசேனா திருத்துவாள்: "வாலோட ஏழடி." கதை சொல்லத் தெரியாதவள்.

நான்காவது வரி. அதில் பாதி அவளுடையது. ஐந்து மார்கழியின் கோலங்கள், ஒன்று விடாமல் எடுத்து வைத்திருந்தாள்.

டெலிட். ஓகே.

நான்கும் சேர்ந்து ஒரே காலி இடமாக நின்றது. மணி பத்தே கால்.

பின்னால் வளையல் சத்தம். தேவசேனா கையில் கரண்டியோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். திரும்பவும் திரையைப் பார்த்தாள்.

"அந்த வீடியோவுக்கா இத்தினி பாடு? புத்தூர்ல கட்டு போட்டுக்கினு கத சொல்லிக்கினு இருந்தீங்களே, அப்பவே போன்ல இருந்து அழிச்சிட்டேன். கம்ப்யூட்டருக்கு அது வரவே இல்ல."

குழம்பு அடிப்பிடிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். கோலங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வீடியோவை நான் ஒரே ஒருமுறை, புத்தூர் போகிற பஸ்ஸில், அவள் தூங்குவதாக நினைத்துப் பார்த்தேன். ஒற்றைக் கையால் அழிக்கத் தெரியவில்லை.

அதில் சிறுத்தை கிடையாது. மலையைப் படமெடுத்துக்கொண்டிருந்த போன், நிற்காமல் என் கையிலேயே ஓடியிருக்கிறது. கீழே கீழே போகிற படிகள். அவற்றில் தாவுகிற என் இரண்டு கால்கள். மேலேயிருந்து "இன்னாங்க... இன்னாங்க..." என்று கூப்பிட்டு, சின்னதாகிக்கொண்டே போகிற ஒரு குரல். கடைசியில் நான் விழுகிற சத்தம்.

கால்மணி நேரம் கழித்து அவள் ஒவ்வொரு படியாக நடந்து இறங்கி வந்து, என்னைத் தூக்கி உட்கார வைத்தாள்.

வாலோடு ஏழடிதான். நின்று பார்த்தவள் அவள்.