ரோஷக்காரக் கள்ளி

"தொட்டிய யாரும்மா திருப்புறாங்க?"

கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோன எட்டு மொட்டுகளையும் புரட்டிப் பார்த்துவிட்டு நர்சரிக்காரர் கேட்டார்.

எதிர்பாராத கேள்வி. அவள் சற்றுத் தடுமாறிப்போனாள். பிறகு பெருமையை விட மனமில்லாமல் சொன்னாள்.

"அது அதுவாத்தான் திரும்புது. காலையில டீயோட உக்காந்தா மொட்டெல்லாம் என் மூஞ்சியத்தான் பாக்கும்."

"செடிக்கு என்ன கழுத்தா இருக்கு?" அவர் சிரித்துவிட்டார். "மொட்டு விட்டதும் ஒரு பக்கத்து வெளிச்சத்துக்குப் பழகிடும். திருப்பித் திருப்பி வச்சா ரோஷம் வந்து உதிர்த்துடும். பொல்லாத கள்ளிம்மா இது."

அவள் மொட்டுகளை மறுபடி கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிளம்பினாள்.

நண்டுக்கால் மாதிரி கண்ணி கண்ணியாகத் தொங்கும் அந்த முள்ளில்லாத கள்ளியைக் கொடுத்தவள் நாத்தனார். கொடுத்த கையோடு, "உங்க வீட்டுல இது எங்க பூக்கப்போகுது அண்ணி!" என்று ஒரு முள்ளையும் சேர்த்துக் கொடுத்திருந்தாள். மூன்று வருடம் அவள் வாக்குத்தான் பலித்தது. இந்த வருடம்தான் பதினொரு மொட்டு. "உன் செடிக்கு ஆள் தெரியுது, என்னையே தேடுது" என்று போன வாரம் நாத்தனாரிடம் போனில் தம்பட்டம் அடித்து, ஞாயிற்றுக்கிழமை பூப் பார்க்க வா என்று அழைத்தும் ஆயிற்று.

இன்று வெள்ளி சாயங்காலம். மிச்சம் மூன்று மொட்டு.

வீட்டுக் கதவைத் திறந்தாள்.

ஜன்னலோரம் சின்ன மேஜை. இந்தப் பக்கம் அவள் நாற்காலி, அந்தப் பக்கம் கணவருடையது. நடுவில் தொட்டி. முப்பது வருடம் பேருந்து ஓட்டிய இரண்டு கைகளும் அந்தத் தொட்டியின் விளிம்பில். வளைவில் வண்டியைத் திருப்புகிற அதே நிதானம்.

கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

வழியெல்லாம் கூர் தீட்டிக்கொண்டு வந்த வார்த்தைகள் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. அதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"வந்துட்டியா? இந்தச் செடியோட ஒரே ரோதனைடி. நீ டீ குடிக்கறப்போ உன்னப் பாக்கட்டுமேன்னு தினம் விடிஞ்சதும் உன் பக்கம் திருப்பி வைக்கிறேன். சாயங்காலம் பாத்தா, மறுபடி என் பக்கமே வந்து நிக்குது!"

வார்த்தைகள் அப்படியே உள்ளே போய்விட்டன.

மத்தியானம் அவர் குறட்டை விடும் நேரத்தில், அவர் எழுந்ததும் கண்ணில் படட்டும் என்று, தினமும் ஓசைப்படாமல் தொட்டியைத் திருப்புவது யார் என்று அவளைத் தவிர இந்த வீட்டில் யாருக்குத் தெரியும்?

"கைய எடுங்க" என்றாள். "அது இருக்கிறபடியே இருக்கட்டும்."

அவர் எடுத்தார். மூன்று மொட்டும் அவர் பக்கம் பார்த்தபடி நின்றன.

அவள் தன் நாற்காலியைக் கரகரவென்று இழுத்துக்கொண்டுபோய் அவர் நாற்காலியை ஒட்டிப் போட்டாள்.

"என்னடி இது, புதுசா?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான்" என்றாள்.