கூரை வரைக்கும் சுவர்

“சொவரு கூரை வரைக்கும் போவுதா?”

அறைக்குள் காலை வைத்ததும் யசோதினி கேட்ட முதல் கேள்வி அதுதான். சாவியோடு நின்ற ஹோட்டல்காரர் அஸீஸ் அவளையும், அவள் முதுகுக்குப் பின்னால் தலையைக் குனிந்து நின்ற தயாபரனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நல்லாப் போகுது தங்கச்சி. கடல் போடுற சத்தத்துல இங்க கத்தினாலும் வெளிய ஒண்டும் கேக்காது” என்று தாடிக்குள் சிரித்தார்.

யசோதினிக்கு முகம் சூடாகிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளும் புருஷனும் ஓர் அறையில் தனியாக நிற்பது இதுதான் முதல் தடவை. அதுவும் ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து பஸ் மாறி மாறி அறுகம்பேக் கடற்கரைக்கு வந்து, அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு வெள்ளைக்காரர்கள் அரைகுறை உடையில் அலைகிற தெருவில். இருந்தாலும் விரலை மடக்கி ஒவ்வொரு சுவரையும் தட்டிப் பார்த்தாள். கெட்டியான சுவர்தான்.

“பக்கத்து ரூம்ல?”

“ஒரு சோடி இரிக்கி. காலையில இருந்து டீவீய விட்டு அசையல்ல.”

“சரிங்க. நாங்க கூப்புடுற வரைக்கும் யாரும் வராதீங்க.”

அஸீஸின் தாடி இன்னும் கொஞ்சம் அகலமானது.

இந்த இடத்தைச் சொன்னவள் நல்லம்மா. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இவர்களுக்கு அடுத்த காம்பராக்காரி. போன மாதம் கதிர்காமம் போவதாகச் சொல்லிப் புருஷன் அழகையாவோடு புறப்பட்டவள், தொண்டை கட்டி, முகம் மலர்ந்து திரும்பி வந்தாள். “அந்த ஹோட்டல்ல ஒரு நா இருந்து பாரு, மனசு லேசாயிரும்” என்று யசோதினியின் காதைக் கடித்ததும் அவள்தான். போன் போட்டு அறையைப் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான்.

தயாபரன் தாழ்ப்பாளைப் போட்டான். ஜன்னல் திரையை இழுத்துவிட்டான். மேசையிலிருந்த கண்ணாடிக் கிளாஸ்களை மட்டும் எடுத்து அலுமாரிக்கு மேலே பத்திரமாக வைத்தான். யசோதினி கொண்டையை அவிழ்த்து உதறி, மறுபடி முடிந்துகொண்டாள்.

“ஆரம்பிக்கலாமா?” என்றான்.

“நீங்க மொதல்ல.”

“இல்ல, நீ.”

யசோதினி அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்தாள்.

“எம்புள்ள எங்க போவணும்னு சொல்ல ஒங்க அண்ணன் யாரு?”

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

லயத்தில் சண்டை பிடிப்பது லேசான காரியமில்லை. காம்பராவுக்குக் காம்பரா சுவர் ஆள் உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே எல்லோருக்கும் ஒரே தகரம்தான். குரல் ஒரு படி ஏறினால் நல்லம்மா வீட்டு டீவீ இரண்டு படி இறங்கும். அழகையாவின் ஓயாத இருமல்கூட அடங்கிப்போகும். ரகசியக் குரலில் கோபப்பட்டுக் கோபப்பட்டே, தன் கோபம் எவ்வளவு பெரியதென்று யசோதினிக்குத் தெரியாமல் போய்விட்டது.

இந்தத் தடவை அதை விழுங்க முடியவில்லை. ஓ.எல். பரீட்சையில் நன்றாகப் பாஸ் பண்ணியிருக்கிற மகள் தயானியைக் கொழும்பில் துணிக்கடை வேலைக்கு அனுப்புவதாகத் தயாபரன் தன் அண்ணனிடம் ஒத்துக்கொண்டிருந்தான். அதுவும் லயமே கேட்க, வாசலில் நின்று. நாலு பேர் காதில் விழுந்த வார்த்தையை அவர்கள் முன்னால் மாற்றிப் பேசுகிற ஆள் இல்லை அவன்.

“அண்ணன்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன்டி!”

“என்னைக் கேட்டா குடுத்தீங்க?”

“எங்க கேக்குறது? வாயத் தொறந்தாலே ‘ஷ்ஷ்’ங்கிற!”

“இப்ப ‘ஷ்ஷ்’னேனா? கத்துங்களேன்!”

கத்தினான். அவளும் கத்தினாள். அவன் அம்மாவின் வாய், அவள் தம்பியின் கலியாணத்தில் அவனுக்குக் கிடைக்காத மரியாதை, தலைதீபாவளிக்கு அவன் குடித்துவிட்டு வந்தது, ஒன்றும் மிச்சமில்லை. ஒரு தலையணை பறந்துபோய் மின்விசிறியில் அடிபட்டு விழுந்தது. மூச்சு வாங்க நின்றபோது பக்கத்து அறை டீவீச் சத்தம்கூட இல்லை. கடல் மட்டும் இரைந்தது. இது என் குரலா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிறகு மெதுவாகத்தான் சொன்னாள். கத்தி முடித்த பிறகு மெதுவாகப் பேச முடிந்தது.

“நான் கூடையோட மலையில நிக்கிறேன். அவ கடையில நிக்க வேணாங்க. அவ ஒக்காந்து படிக்கட்டும்.”

தயாபரன் கீழே கிடந்த தலையணையை எடுத்துத் தட்டிக் கட்டிலில் போட்டான்.

“சரி. நம்ம பதுளையிலயே ஏ.எல். படிக்கட்டும். அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

யசோதினி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது அவன் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு முளைத்திருந்தது. சீட்டு விளையாட்டில் கள்ள ஆட்டம் ஆடும்போது வருகிற அதே சிரிப்பு.

“ஆனா ஒண்ணு. ஊருக்குப் போயி, நான் அப்பிடிச் சொல்லவே இல்லங்கிறேன்னு வையி. என்னா செய்வ? கூரை வரைக்கும் சொவரு கேட்டவ நீதான? யாரு காதுல விழுந்துச்சு? சாட்சி எங்க?”

தான் தட்டிப் பார்த்த சுவரையே அவள் திரும்பிப் பார்த்தாள். லயமாக இருந்திருந்தால் வரிசை முழுக்கக் கேட்டிருக்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பாதிச் சுவருக்காக அவள் மனம் ஏங்கியது.

அப்போதுதான் பாத்ரூம் பக்கத்திலிருந்து அந்த இருமல் கேட்டது. அவள் எல்லாச் சுவரையும் தட்டிப் பார்த்தவள். பாத்ரூமில் பக்கத்து அறைப் பக்கமாகக் காற்றுக்காக விட்டிருந்த ஓட்டையை மட்டும் பார்க்கவில்லை. லயத்தில் பாதிச் சுவருக்கு மேலாகத் தினமும் கேட்கிற அந்த இருமலை அவள் எந்த ஊரிலும் அடையாளம் சொல்வாள்.

அதன் பின்னாலேயே ஒரு பெண் குரல், உற்சாகமாக வந்தது.

“சாட்சிக்கு நாங்க இருக்கோம், தம்பி!”