பச்சைச் சட்டையா, வெள்ளைத் தொப்பியா?

“பாதி வாழைப்பழமாவது சாப்பிட்டுட்டுப் போ.”

“வேணாம். இப்ப எதுவும் இறங்காது.”

அலாரம் ஐந்தரைக்கு அடித்திருந்தது. அவள் எழுந்து கழுத்தையும் தோளையும் பத்து நிமிடம் சுழற்றினாள். குளித்தாள். அவன் காபி போட்டான். இரண்டு வாய் குடித்துவிட்டு மீதியை அப்படியே வைத்தாள். தொப்பி, துண்டு, தண்ணீர் பாட்டில், வெயிலுக்குப் பூசும் கிரீம். ஷூ லேஸை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினாள். ஆறேகாலுக்குக் கிளம்பிப் போனாள். அவன் பாத்திரங்களைக் கழுவிவிட்டு, அவளிடம் சொல்லாமல், ஒன்பது மணிக்குப் போனான்.

டிக்கெட் கிடையாது. வாசல் காவலாளி செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. செம்மண் தரை, சுற்றிலும் கம்பி வலை, ஒரு பக்கம் ஆறு வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகள். முப்பது பேர் இருந்தால் அதிகம். பெண்கள் டென்னிஸ் ஒற்றையர் காலிறுதி அப்போதுதான் தொடங்கியிருந்தது. அவன் நாலாவது வரிசையில், ஒரு குண்டுப் பெரியவருக்குப் பின்னால் மறைந்தாற்போல் உட்கார்ந்தான்.

“தம்பி புதுசா?” என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். மடியில் கடலைப் பொட்டலம். “நான் பல் டாக்டர். இந்த ஒரு வாரம் கிளினிக்கைப் பூட்டிடுவேன். பெரிய போட்டியில எறும்பு சைஸுக்குத்தான் ஆளுங்க தெரிவாங்க. இங்க மூச்சு வாங்குறதுகூடக் கேக்கும். பந்தைக்கூட அவங்களேதான் பொறுக்கிக்கணும், பாவம். நீங்க யாரைப் பாக்க வந்தீங்க?”

“என் மனைவியை.”

பல் டாக்டர் நாற்காலியோடு திரும்பினார். “அட! பச்சைச் சட்டையா, வெள்ளைத் தொப்பியா?”

“சொல்ல மாட்டேன் சார். நான் வரவே கூடாதுன்னு உத்தரவு. திருட்டுத்தனமா வந்திருக்கேன்.”

“உங்களைப் பாத்தா கை கால் ஓடாதாக்கும்?”

“இன்னைக்கு ஓடணும் சார். எதிர்ப்பக்கம் நோட்டும் கையுமா ஒருத்தர் இருக்காரு பாருங்க.”

“இன்சூரன்ஸ் ஏஜென்ட் மாதிரி இருக்காரே, அவரா?”

“அவர் எழுதறதுதான் இவ தலையெழுத்து. நல்லபடியா எழுதினா பெரிய போட்டிக்கெல்லாம் அனுப்புவாங்க. இல்லன்னா திங்கக்கிழமையிலேருந்து பழையபடி ஸ்கூல் டீச்சர்தான். ஏற்கெனவே ரெண்டு தடவை கைநழுவிப் போச்சு. இதுதான் கடைசின்னு அவளே சொல்லிட்டா.”

பல் டாக்டர் கடலை மெல்வதை நிறுத்தினார். “கவலைப்படாதீங்க. நான் ரெண்டு பேருக்கும் சேத்துக் கைதட்டிடறேன். எப்படியும் உங்க வீட்டம்மாவுக்குப் போய்ச் சேந்துடும்.”

சொன்னபடியே தட்டினார். முதல் செட் பச்சைச் சட்டைக்கு. இரண்டாவது வெள்ளைத் தொப்பிக்கு. அவன் கைதட்டவில்லை. பந்து கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தபோதெல்லாம் தாடையை இறுக்கிக்கொண்டான்.

“பல்லைக் கடிக்காதீங்க தம்பி, தேஞ்சிடும். அப்புறம் என்கிட்டதான் வரணும்” என்றார் பல் டாக்டர். “பச்சைச் சட்டை அடிச்சாலும் கடிக்கிறீங்க, வெள்ளைத் தொப்பி அடிச்சாலும் கடிக்கிறீங்க. ஆளைக் கண்டுபிடிக்கவே விட மாட்டேங்கறீங்களே!”

“எனக்குப் பயமா இருக்கு சார்.”

மூன்றாவது செட், ஐந்துக்கு ஐந்து. பச்சைச் சட்டை ஓங்கி அடித்த பந்து பின்கோட்டை ஒட்டி விழுந்து புழுதி கிளப்பியது. நடுவர் ‘அவுட்’ என்றார். பச்சைச் சட்டை மட்டையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். நடுவர் உயரமான நாற்காலியிலிருந்து இறங்கிப் போய், மண்ணில் பதிந்த தடத்தைக் குனிந்து பார்த்தார். விரலை உயர்த்தினார். அவுட்டேதான்.

கூட்டம் ஊளையிட்டது. “அம்பயருக்கு யாராவது கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். நோட்டுக்காரர் பேனாவை எடுத்தார்.

அவனுக்கு என்ன ஆனதோ, விருட்டென்று எழுந்தான். “அவுட்டுதான்யா! தடம் அவ்வளவு தெளிவா இருக்கே, கண்ணைத் திறந்து பாருங்க!”

“அப்ப வெள்ளைத் தொப்பிதான்! புடிச்சிட்டேன் பாத்தீங்களா!” என்று குதூகலித்த பல் டாக்டர், உடனே அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். “உட்காருங்க தம்பி, நீங்க கத்தப் போய் அவங்களுக்குப் பாயிண்டைக் குறைச்சிடப் போறாங்க.”

அவன் நின்றுகொண்டே இருந்தான். நடுவர் மறுபடி மேலே ஏறி உட்கார்ந்து, மைக்கைப் பக்கத்தில் இழுத்தார். அவனையே பார்த்தார்.

“நாலாவது வரிசையில் நிற்பவர் உட்காரவும். இன்னொரு முறை சத்தம் போட்டால் வெளியே அனுப்ப வேண்டிவரும்.”

முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஊளை அடங்கியது. பச்சைச் சட்டைகூடப் பேசாமல் போய் மட்டையை எடுத்துக்கொண்டாள். எதிர்ப்பக்கம் நோட்டுக்காரர் அன்று முதல்முறையாகச் சிரித்தார். தாளில் பெரிதாக ஒரு டிக் போட்டு, பேனாவை மூடினார்.

“நல்லா வாங்கினீங்களா?” என்றார் பல் டாக்டர். “அந்த அம்பயரம்மா முகத்தைப் பாத்தீங்கல்ல? ஈவிரக்கமே கிடையாது.”

“வீட்லயும் அப்படித்தான் சார்” என்று சொல்லிக்கொண்டே அவன் உட்கார்ந்தான்.

மைக்கில் அவள் குரல் மறுபடி வந்தது. “நன்றி, ஐயா. ஆட்டம் தொடரலாம்.”