பம்பை மாட்டியவர்

பழைய காரின் தண்ணீர் பம்பைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார்.

"பம்ப் புதுசுதாம்மா, மாட்டின ஆள்தான் சரியில்லை. பழைய கேஸ்கெட் அட்டையைச் சுரண்டி எடுக்காம, அதுமேலயே புதுசை வச்சு, பசையை அள்ளி அப்பியிருக்கான். ஒழுகாம என்ன பண்ணும்?"

"என் வீட்டுக்காரர்தான் போன வாரம் மாட்டினார்," என்றாள் காரைக் கொண்டுவந்த அம்மாள். "நேத்து நடுரோட்டுல என்ஜின் கொதிச்சு நின்னுடுச்சு. எனக்கு ஓட்டத் தெரியலைன்னு அவர் ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கார்."

"இனிமே அவர் கண்ணுல ஸ்பேனரையே காட்டாதீங்க."

"அதை நீங்களே சொல்லிடுங்க தம்பி. இதோ வந்துட்டார்."

உள்ளே வந்தவரைப் பார்த்ததும் மெக்கானிக்கின் சிரிப்பு அடங்கிவிட்டது. மடித்துக் கட்டியிருந்த லுங்கியை அவசரமாக இறக்கிவிட்டார்.

"வணக்கம் சார்."

"அட, நீயா?" என்றவர் மனைவியிடம் பெருமையாகத் திரும்பினார். "தொழிற்பயிற்சிப் பள்ளியில இவனுக்கு என்ஜின் பாடம் எடுத்ததே நான்தான்."

அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ இந்த வேலையெல்லாம் இவர்கிட்டதான் கத்துக்கிட்டீங்களா தம்பி?"

மெக்கானிக் குனிந்து பழைய பசையைச் சுரண்ட ஆரம்பித்தார்.

"இல்லம்மா. சார் என்னை ரெண்டு தடவை ஃபெயில் போட்டுட்டார். அதுக்கப்புறம்தான் வேலையைக் கத்துக்கிட்டேன்."